கொல்லையில் வைத்த கல்

கல்லின் மேல் ஒரு சும்மாடு இருந்தது.

நவநீதன் அதை முதலில் ஏதோ பழந்துணி என்றுதான் நினைத்தான். பகலெல்லாம் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. முருங்கை மரம் மட்டும் இன்னும் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருக்க, கொல்லைக்கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் அழுகிய முருங்கைப் பூவும் சாக்கடையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கல்லைத் துலக்குவதற்காக நார்ப்பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கிட்டே போனவன் நின்றுவிட்டான். தலைச்சுமைக்காரர்கள் உச்சந்தலையில் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி வட்டமாக முறுக்கிச் சுருட்டிய புடவைத் துணி. நடுவில் பாரம் அழுத்திய பள்ளம். கல் நனைந்திருந்தது, வேலி நனைந்திருந்தது, கொடியில் மறந்துபோன துண்டைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். அந்தத் துணி மட்டும் நனையவில்லை. விரலால் தொட்டான். சற்று முன்தான் யாரோ தலையிலிருந்து எடுத்து வைத்தது போல வெதுவெதுப்பாக இருந்தது.

"ப்ரியா, கல்லு மேல துணி ஏதாவது வச்சியா?"

"நான் எதுக்குங்க மழையில கொல்லைக்கு வரப்போறேன்?" உள்ளே கட்டிலில் படுத்தபடியே அவன் மனைவி விஷ்ணுப்ரியா சொன்னாள். "காக்கா தூக்கிட்டு வந்து போட்டிருக்கும்."

காக்கா சும்மாடு சுருட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். அவளுக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இரண்டு முறை வந்து தங்காமல் போய், இனிமேல் இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு தங்கியிருக்கிறது இது. அவளிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவன் ஓயாமல் யோசித்துக்கொண்டே இருந்தான். துணியைக் குச்சியால் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தான். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் எண்ணெய்த்தலை வாடை விரலைவிட்டுப் போகவில்லை.

கல்லைக் கொண்டுவந்தவன் அவன்தான். காரைக்காலில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைவது நவநீதனின் பிழைப்பு. பித்து வேறு. ஊரிலிருந்து மறைந்துபோன அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. பழைய பிரெஞ்சுக்காலத்து வரைபடம் ஒன்றைக் கணினியில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் விரிப்பான். மாதா கோயில் கோபுரம், பெரிய பள்ளிவாசல், அம்மையார் குளத்தின் மூலை என்று இடம் பெயராதவற்றை மட்டும் பொருத்தி இறுக்கிவிட்டால், மற்றதெல்லாம் தானே வந்து இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சுங்கச்சாவடி இருந்த இடத்தில் இன்று பிரியாணிக்கடை, தோணித்துறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் என்று படமெடுத்து முகநூல் பக்கத்தில் போடுவான். நாலு பேர் ஆகா என்பார்கள். அதில் ஒரு போதை.

இந்த மாதிரிப் பித்துப் பிடித்த காரைக்கால்காரர்களுக்கு எல்லாம் ஒரே கனவுதான். எல்லைக்கல். மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக அடைபட்ட ஊரில், பிரெஞ்சுக்காரன் நட்ட எல்லைக்கல் ஒன்றைத் தோண்டியெடுத்துவிட்டால் பிறந்த பயன் கிட்டியது போல. எந்தக் கல்லைப் பார்த்தாலும் இவர்கள் கண்ணுக்கு அது எல்லைக்கல்லாகவே தெரியும். டெல்டாவில் கல்லும் எளிதில் கிடைப்பதில்லை. எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான். எங்கிருந்தோ வந்த கருங்கல் ஒன்று அகப்பட்டால் ஊர் அதைச் சும்மா விடாது. துணி துவைக்கவோ வாய்க்காலைத் தாண்டவோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்படித்தான் இதுவும் கிடந்தது. கோட்டுச்சேரியிலிருந்து கடலோரம் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போகும் பழைய வண்டிப்பாதையோரம் வரைபடத்தில் ஒரு சின்னச் சதுரம், பெயரில்லாமல். அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வாய்க்காலின் குறுக்கே இந்தக் கல். ஆள் நீளம், உளி பட்ட பக்கங்கள், ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. வாய்க்காலுக்குச் சிமெண்டுக் குழாய் போட வந்தவர்கள் அதை உடைத்துப் போட இருந்தார்கள். நவநீதன் ஓடிப்போய்க் கெஞ்சி, அன்பழகன் என்கிற டிரைவரின் குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். தரையில் கிடத்தினால் குனிந்து குனிந்து துலக்க வேண்டும், எழுத்து இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கொல்லையில் ஹாலோ பிளாக்கை நெஞ்சுயரத்துக்கு இரண்டு தூணாக அடுக்கச் சொல்லி, மேலே கல்லைக் குறுக்காக வைக்கச் சொன்னான்.

வைத்து முடித்ததும் அன்பழகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்று அதையே பார்த்தான்.

"இப்படியா சார் வெக்கணும்?"

"ஏம்ப்பா, சாயுதா?"

"சாயல. சும்மா கேட்டேன்." கதவோரம் நின்ற விஷ்ணுப்ரியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டான்.

அன்றைக்கே நவநீதன் தன் முகநூல் பக்கத்தில் அறிவித்துவிட்டான்: எல்லைக்கல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மனிதன் தரையில் நடக்கவில்லை.

சும்மாடு கிடந்த மறுநாள் சனிக்கிழமை. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்து, கரண்டும் போய்விட்டது. விஷ்ணுப்ரியா உள்ளறையில் தூங்கினாள். முன்னறையில் மடிக்கணினியின் வெளிச்சத்தில் அவன் வரைபடத்தின் எல்லைக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தான். மின்விசிறி நின்ற வீட்டில் அதுவரை கேட்காத ஓசையெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. குளியலறையில் குழாய் சொட்டுவது, ஓட்டில் பல்லி நகர்வது, பின்னால் வாழையிலை காற்றில் கிழிந்து கிழிந்து உரசுவது, அதற்கும் பின்னால் மழை வயலைத் தாண்டி நிதானமாக நடந்து வருவது.

அப்புறம் கொல்லையில் ஒரு சத்தம்.

தொம்.

பாரமான ஏதோ ஒன்றைக் கல்மேல் இறக்கி வைத்த சத்தம். அதைத் தொடர்ந்து, நீளமாக, பல்லிடுக்கில் காற்றை இழுத்துவிடும் மூச்சு. "ஸ்ஸ்ஸ்... அப்பாடா."

பெண் குரல். களைத்துப்போன, ஆனால் அந்த நொடியில் சுகப்பட்ட குரல். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையை இறக்கிவிட்டு விடுகிற மூச்சை அவன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறான். தன் கொல்லையில் கேட்டதில்லை. உள்ளறையை எட்டிப் பார்த்தான். விஷ்ணுப்ரியா சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொல்லைக்கதவைத் திறந்தான்.

யாருமில்லை. வேலிப்படல் சாத்தியபடி இருந்தது. கல்லின் மேல் சும்மாடு. நேற்று எறிந்த அதே துணி.

 பக்கத்து மனையில் வீடு கட்டுகிற வேலைக்கு வருகிற பெண்கள் யாராவது வைத்துப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்து மனையில் மழை தொடங்கியதிலிருந்து வேலையே நடக்கவில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தான். கணினியில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. எல்லைக்கோடு அந்தச் சதுரத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை. வடக்கே வெகுதூரம் தள்ளிப் போனது. நடு ஊரில் எவனும் எல்லைக்கல் நட மாட்டான். அப்படியானால் இது வேறென்ன கல்? யோசித்தால் ஞாயிற்றுக்கிழமை மானம் போய்விடும் என்பதால் அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கணினியைப் பட்டென்று மூடினான்.

சாயங்காலம் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

விஷ்ணுப்ரியா கொல்லையில் நின்றாள். கல்லின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, நெற்றியைக் கையில் கவிழ்த்து, வயிற்றைக் கல்லுக்குக் கீழே தொங்கவிட்டபடி. கண் மூடியிருந்தது.

"ப்ரியா!"

"கத்தாதீங்க." அவள் நிமிரவில்லை. "இப்படி நின்னா எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? ஒரு மாசமா இடுப்பு விட்டுப்போவுது. இதுல சாஞ்சதும் பாரமே தெரியல. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன் போலருக்கு."

"வழுக்கும். உள்ள வா."

"நல்ல கல்லாத்தாங்க கொண்டாந்திருக்கீங்க," என்று சிரித்தாள். பல நாளாக அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்க்கவில்லை. அவனுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனபோது, இரண்டு எட்டு வைத்ததுமே பாரம் திரும்பி வந்ததுபோல் அவள் முனகினாள்.

ராத்திரி அவன் தூங்கவில்லை. விடிந்து கண்ணயர்ந்தபோது போன் அடித்தது. இஃபாத். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். திருமலைராயன்பட்டினத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவன் தந்தை எடுத்த பழைய படங்களெல்லாம் அவனிடம் பெட்டி பெட்டியாக இருந்தன.

"நவநீ, நீ கேட்ட கோட்டுச்சேரிமேட்டு ரோட்டுப் படம் ஒண்ணு மாட்டிருச்சுடா. எங்க வாப்பா எடுத்தது. கரையான் திங்காம தப்பிச்சிருக்கு. அனுப்பியிருக்கேன் பாரு. இன்னொண்ணும் இருக்கு, வெள்ளத்தப்ப எடுத்தது. அத மத்தியானம் ஸ்கேன் பண்றேன்."

கறுப்பு வெள்ளைப் படம். வண்டிப்பாதை, வரிசையாகப் பனை. ஓரத்தில் இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல். கல்மேல் மீன்கூடைகளை இறக்கி வைத்துவிட்டு மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி சும்மாட்டைக் கையில் எடுத்து விசிறிக்கொண்டு சிரிக்கிறாள். நவநீதன் படத்தைப் பெரிதாக்கினான். குறுக்குக்கல்லின் மூலையைப் பார்த்தான். உடைந்திருந்தது. அதே உடைசல்.

"என்னடா, பாத்தியா?"

"இஃபாத், இது சுமைதாங்கிடா."

"ஆமா, பாத்தாலே தெரியுதே. உன் எல்லைக்கல்லு இதுதானா?" இஃபாத் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தினான். "டேய். தங்கச்சி மாசமால்ல இருக்கு."

டெல்டாவில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு வைப்பது சுமைதாங்கி. பெறாமல் போனவள் அந்தப் பாரத்தைச் செத்த பிறகும் சுமந்துகொண்டே நிற்பாள் என்பார்கள். வழிப்போக்கர் யாராவது தன் சுமையை அந்தக் கல்லில் இறக்கி வைக்கிற நேரம், அவளுக்கும் பாரம் இறங்கும். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு. புதுச் சாலை வேறு பக்கம் போய்விட்டது. பழைய பாதையில் ஆள் நடமாட்டம் நின்றது. கல்லையும் யாரோ வாய்க்காலுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். எத்தனை வருடமாக இறக்கி வைக்க இடமில்லாமல் போயிற்றோ.

அந்தக் கல்லைத்தான் அவன் கொண்டுவந்து, நெஞ்சுயரத்தில், இரண்டு தூண் மேல், குறுக்காக, முறைப்படி வைத்திருந்தான். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில். 

அன்பழகனைப் போனில் கூப்பிட்டான்.

"எனக்கு அன்னைக்கே தோணுச்சு சார். அக்கா நின்னாங்க, பயமுறுத்த வேணாம்னு விட்டுட்டேன்," என்றான் அன்பழகன். "சாயங்காலம் ஆளுங்களோட வர்றேன். ஆனா இருந்த எடத்துல கொண்டுபோய் வெக்கணும். அந்தத் தூணு ரெண்டும் எங்க நிக்குதுன்னு பாத்து வைங்க. கண்ட எடத்துல தள்ளிட்டு வர நான் ஆளில்ல."

"இடம் தெரியும்," என்றான் நவநீதன். வரைபடம்தான் இருக்கிறதே. அன்றைக்குக் கல்லைப் பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கெல்லாம் வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினான். மானம் போனால் போகட்டும்.

விஷ்ணுப்ரியாவிடம் கல்லை எடுக்கப்போவதாக மட்டும் சொன்னான். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"பொறந்தப்புறம் எடுங்களேன். அது இருந்தாத்தான் நான் மூச்சு விடுறேன்."

"அது நமக்கு வேணாம் ப்ரியா."

"ஏன்?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் போய்ச் செத்தவள் கதையைச் சொல்வார்களா? "அரசாங்கத்துக் கல்லு, கேஸ் ஆயிடும்," என்று ஒரு பொய்யைச் சொன்னான். மதியத்துக்கு மேல் மழை சற்று ஓய்ந்தபோது கொல்லைக்கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் போட்டான். "வழுக்கும், அந்தப் பக்கம் போகாதே, போனதும் வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

கோட்டுச்சேரியைத் தாண்டியதும் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. பழைய பாதை இப்போது வரப்பைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். பைக்கை நிறுத்திவிட்டு, போனில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நீலப்புள்ளி சதுரத்தை நெருங்க நெருங்க, இருபுறமும் கருவேலம் உயர்ந்து வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டே வந்தது. கடற்காற்றில் உப்பும் மீன்வாடையும். எங்கோ தவளை ஒன்று கத்தத் தொடங்கி, அவன் காலடி கேட்டதும் நிறுத்தியது. மற்ற தவளைகளும் நிறுத்தின.

தூண்கள் முள்ளுக்குள் நின்றன. இரண்டும் நேராக. ஒரு மயிரிழை பிசகாமல் வரைபடம் காட்டிய இடத்தில். வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான்.

முள்ளை விலக்கிக்கொண்டு கிட்டே போனான். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல். தூண்களுக்கு நடுவே மட்டும் புல் இல்லை. இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு, பக்கத்தில் பக்கத்தில், வெறும் மண். மிதித்து மிதித்து இறுகிப்போன மண். மழைத்தண்ணீர் அந்த இரண்டு பள்ளத்திலும் தேங்கியிருந்தது.

அன்பழகனுக்கு அனுப்புவதற்காகப் படமெடுத்தான். அப்போது போன் அதிர்ந்தது. இஃபாத் அனுப்பிய இரண்டாவது படம்.

அதே வளைவு. வெள்ளம் பாதையை மூடியிருந்தது. தூரத்தில் சிலர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் தூண்கள் இரண்டும் மொட்டையாக. மேலே கல் இல்லை. நடுவில் ஒரு பெண். முழங்கால் தண்ணீரில். நிறைமாத வயிறு. இரண்டு கைகளையும் விரித்து இரண்டு தூண்களின் உச்சியில் வைத்திருந்தாள், கல் இருந்திருந்தால் எந்த இடத்தில் சாய்ந்திருப்பாளோ அந்த இடத்தில். தலை குனிந்திருந்தது. முகம் தெரியவில்லை.

முதல் படத்துக்குப் போனான். கல் இருந்தது. அவள் இல்லை.

இரண்டாவது படம். கல் இல்லை. அவள் இருந்தாள்.

தான் இப்போது எடுத்த படத்தைப் பார்த்தான். கல் இல்லை. தூண்கள் இருந்தன. இரண்டு பள்ளம் இருந்தது.

அவள் இல்லை.

போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"ப்ரியா, கொல்லைக்கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தித்தாங்க இருந்துச்சு. யாரோ கூப்புட்டாங்க, அதான் திறந்தேன்." அவளைச் சுற்றி மழை கேட்டது. அவள் வெளியே நின்றாள்.

"யாரு?"

"தெரியலங்க. வழியில போறவங்க போலருக்கு. மாசமா இருக்காங்க, பாவம், என்னைவிடப் பெரிய வயிறு. மூச்சு வாங்குது. இறக்கி வெக்கணும், ஒரு கை புடிக்கிறியான்னு கேக்கறாங்க."

"உள்ள போ."

"என்னங்க?"

"உள்ள போ ப்ரியா. தொடாதே. உள்ள போ!"

"நீங்க வேற. பாவம், நிக்கவே முடியல அவங்களால." போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். குரல் தள்ளிப் போயிற்று. "வாங்க. மெதுவா. இந்தப் பக்கம் வாங்கக்கா."

தொம்.

"ஸ்ஸ்ஸ்... அப்பாடா."

விஷ்ணுப்ரியாவின் குரல் இல்லை அது.

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி. சேற்றில் பைக் சறுக்கி விழுந்தது. தூக்கினான். கிளப்பினான். மழை கண்ணை அறைந்தது. கோட்டுச்சேரிக் கடைகளில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும், அவள் பிழைத்தால் போதும். வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டு வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. கூடத்துத் தரையில் ஈரம். மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டிருந்த கொல்லைக்கதவு அகலத் திறந்து கிடந்தது.

விஷ்ணுப்ரியா கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். நனைந்திருந்தாள். நிமிர்ந்து, நேராக, கல்யாணத்தின்போது நின்ற மாதிரி நின்றாள். புடவை முன்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. வயிறு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. எங்கும் ரத்தம் இல்லை. அவள் முகத்தில் வலி இல்லை.

"வந்துட்டீங்களா," என்றாள். "அவங்களுக்கு ஒரு கை புடிச்சேங்க. இறக்கி வச்சாங்க. அப்புறம் எனக்கும் அவங்க ஒரு கை புடிச்சாங்க." கைகளை வீசிக் காட்டினாள். "எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

கல்லின் மேல் சும்மாடு இருந்தது. சும்மாட்டின் மேல், பழம்புடவையில் இறுக்கிச் சுற்றிய சின்ன மூட்டை ஒன்று. மழை அதன்மேல் விழுந்து ஓடியது. அது அசையவில்லை.

கல்லிலிருந்து வேலிப்படல் வரைக்கும் சேற்றில் காலடிகள். வெறுங்கால். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் காலடியில் தண்ணீர் ஊறி நிறைந்தது.

நவநீதன் கல்லை நோக்கி ஓர் எட்டு வைத்தான். 

அப்போது வேலிக்கு அப்பால், இருட்டிக்கொண்டு வந்த வயலுக்கும் அப்பால், பழைய பாதை போகிற பக்கத்திலிருந்து பச்சைக்குழந்தை ஒன்று வீறிட்டது. மழையையும் மீறிக் கேட்டது. "ஷ்... ஷ்..." என்று யாரோ அதைத் தட்டித் தேற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், தூரமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

விஷ்ணுப்ரியா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம், மழையில்லாத ஈரமாக, வெதுவெதுப்பாக, வட்டமாக நனைந்துகொண்டிருந்தது.

"யாரு வீட்டுப் புள்ளைங்க அது," என்றாள், "இப்படி அழுவுது?"